நாலு மணிக்குத்தான் திறக்கும்

கதவை உடைப்பது போல் யாரோ தட்டினார்கள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய்த் திறந்தாள். மாடி வீட்டு ஓரகத்தி மூச்சு வாங்க நின்றாள், கையில் போனுடன்.

"இதப் பாருடி. ஊரே உன்னத் திட்டுது."

தலையணை உறையில் கணவன் மனைவி பெயரைத் தைத்து இணையத்தில் விற்பவள் இவள். போனில் தெரிந்தது இவளுடைய கடைப் பக்கம்தான். இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு ஒரு ஜோடி உறை கேட்டிருந்த பெண்மணி எழுதியிருந்தாள்: 'என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். உறையை அனுப்ப வேண்டாம்.' கீழே கடையின் பதில்: 'ஆஹா! உங்கள் ஜோடிக்கு எங்கள் வாழ்த்துகள்! பரிசு சீக்கிரமே வாசல் தேடி வரும்!'

நேற்று ராத்திரியிலிருந்து மூன்று முறை எழுதியிருந்தாள். மூன்று முறையும் அதே வாழ்த்து. யாரோ அதைப் படமெடுத்துப் பரப்பிவிட்டார்கள்.

பதிலை எழுதி வைத்தது இவளேதான். போன மாதம் லைக்குகளை எண்ணிக்கொண்டே தைத்ததில் ஊசி நகத்துக்குள் இறங்கியது. அன்றே தீர்மானித்தாள்: பக்கத்தைத் திறப்பது மாலை நாலிலிருந்து ஐந்து வரை மட்டும், மற்ற நேரத்தில் யார் எழுதினாலும் தானாகப் பதில் போய்விடும். நடுவில் கை அரிக்குமே என்று கணவனிடம் சொல்லி பாஸ்வேர்டை மாற்றி, அவனையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். அதைப் பற்றி இவள் போட்ட பதிவுக்குத்தான் இதுவரை அதிக லைக்.

கணவன் பேருந்து ஓட்டுநர். வண்டியில் ஏறினால் போனை அணைத்துவிடுவான். நாலு மணிக்குத்தான் திரும்புவான். ஒன்பது முறை கூப்பிட்டுப் பார்த்தாள்.

"என் கொழுந்தன் ஒழுங்கா இருக்கறதே இந்த ஒரு விஷயத்துலதான்" என்றாள் ஓரகத்தி.

அதற்குள் திட்டி எழுதியவர்கள் இருநூறைத் தாண்டினார்கள். ஒவ்வொருவரின் ஜோடிக்கும் கடை வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. ஓரகத்தி போனிலிருந்து பார்க்கலாம், நிறுத்த முடியாது.

சட்டென்று பார்சல் நினைவு வந்தது. நேற்று மத்தியானமே அனுப்பிவிட்டாள். கூரியர் அலுவலகத்தில் கேட்டால், காலையிலேயே வண்டி கிளம்பிவிட்டதாம். கொண்டுபோகிறவர் போனை எடுக்கவில்லையாம்.

அந்தப் பெயர்கள் அந்த வீட்டு வாசலில் போய் இறங்கக் கூடாது. ஆர்டர் நோட்டைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்தாள். மணி அடித்தவுடனேயே அந்தப் பெண்மணி எடுத்தாள். பார்சல் இப்போதுதான் வந்ததாம். பிரித்துவிட்டாளாம், மடியில்தான் இருக்கிறதாம்.

இவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள்: நகத்தில் ஏறிய ஊசி, நாலு மணி, பேருந்து, தானாகப் போகும் பதில். வேண்டுமென்று யாரும் எழுதவில்லை, அதை எழுத அங்கே ஆளே இல்லை என்று மூன்று தடவை சொன்னாள்.

அந்தப் பெண்மணி மறுமுனையில் சொன்னாள்:

"நேத்து ராத்திரிலேருந்து உங்களத் திட்டிக்கிட்டேதாம்மா உக்காந்திருந்தேன். அங்க யாருமே இல்லன்னா, இனிமே நான் யாரத் திட்டுறது?"