சோப்பு நுரையும் சமாதானப் பேச்சும்

லனெட் ப்ரூயிட் வேலை பார்த்த டிவி நகைச்சுவைத் தொடரில் இரண்டு கறுப்பினப் பெண்கள் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். எழுதுகிறவர்கள் ஒன்பது பேர். அதில் கறுப்பினப் பெண் லனெட் ஒருத்திதான். அதனால், "உங்க ஆளுங்க இதை எப்படிச் சொல்வாங்க?" என்ற கேள்வி நாளுக்கு நாலு தடவையாவது அவளிடம் வந்து நிற்கும்.

ஆறாவது வாரத்துக்கான கதையை அவள் தன் வாழ்க்கையிலிருந்தே எடுத்தாள். நான்கு வருஷத்துக்கு முன் இன்சூரன்ஸ் ஆபீஸில் அவளை வேலையை விட்டு அனுப்பியபோது, இங்கிள்வுட்டில் இருந்த தன் வீட்டுத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டுப் பத்து நாள் படுத்துக்கிடந்தாள். பதினோராம் நாள் ஒடெஸா வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி, நகரப் பேருந்து ஓட்டுகிறவள். சீருடையைக்கூட மாற்றாமல், பொரித்த கெளுத்தி மீன் பொட்டலத்தோடு வந்தவள், "தள்ளி உக்காரு" என்றாள். பாதி மீனைத் தானே தின்று தீர்த்தாள். பிறகு லனெட்டைச் சமையலறைத் தொட்டிக்கு இழுத்துப்போய்த் தலையை அலசி, எண்ணெய் தடவி, பின்னிவிட்டுப் போனாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைமை எழுத்தாளர் கிரெய்க் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சிரிப்பு எங்கே வருகிறது என்று கேட்டார். வேலை போனதை மறைத்ததற்காக ஒருத்தி இன்னொருத்தியைத் திட்டட்டும், கைகலப்பாகட்டும், கடைசியில் தலையில் வைத்த விக் கழன்று கையோடு வரட்டும், ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்றார்.

லனெட்டுக்குச் சுருக்கென்றது. "எனக்கும் அவளுக்கும் இருபது வருஷப் பழக்கம் கிரெய்க். ஒரு நாளும் ஒருத்தி முடியை ஒருத்தி பிடிச்சு இழுத்ததில்ல. டிவியில மட்டும் எங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

கிரெய்க் கெட்டவர் இல்லை. சிரிப்பு வராதோ என்ற பயம்தான் அவருக்கு. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமைப் படப்பிடிப்பில், அரங்கில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் முன்னால் லனெட்டின் காட்சியை முதலில் எடுப்பது, சிரிப்பு எழாவிட்டால் உடனே விக் காட்சியை எடுப்பது. அதோடு, இது நட்பு என்று எல்லோருக்கும் புரிய வேண்டுமாம். தலை அலசும்போது தோழி பேச வேண்டிய சமாதானப் பேச்சு ஒன்றை அவரே எழுதிச் சேர்த்தார். அரைப் பக்கம். விக் காட்சி வந்துவிடக் கூடாதே என்று லனெட் அதற்குத் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒடெஸா தன் தேவாலயப் பெண்கள் எட்டுப் பேரோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். கதை என்னவென்று லனெட் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

தோழியாக நடித்த மார்வெலா மீன் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தபோது கூட்டம் சிரித்தது. தொட்டியில் தலையைப் பிடித்துக்கொண்டு அவள் சமாதானப் பேச்சைத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிப்போயிற்று. வாழ்க்கையில் மேடு பள்ளம் உண்டு, நான் என்றும் உன்னோடு இருப்பேன் என்று பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. கிரெய்க் விக் வைத்திருந்த மேசைப்பக்கம் திரும்பிப் பார்ப்பதை லனெட் கவனித்தாள்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து, பேருந்தின் கடைசி இருக்கைவரை ஒலித்துப் பழகிய குரல் ஒன்று எழுந்தது.

"அவ தலை நுரையில ஊறிக்கிட்டு கெடக்கு, நீ என்னடி பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருக்க?"

அரங்கம் அதிர்ந்தது. மார்வெலா கையில் நுரை சொட்டச் சொட்டத் திரும்பிப் பார்த்தாள். அவள் உடம்பே சிரிப்பில் குலுங்கியது. "அப்ப நான் என்னதான் சொல்லணும் அக்கா?"

"ஒண்ணும் சொல்லாத. குனி, கண்ணுல சோப்பு படப்போவுதுன்னு சொல்லு. அது போதும்."

காமிராக்கள் நின்றன. லனெட் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் பார்த்தபோது கிரெய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். பேச்சை முழுவதுமாக அடித்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை மார்வெலா, "குனி, கண்ணுல சோப்பு படப்போவுது" என்று மட்டும் சொன்னாள். எதிரே நடித்தவள் குனிந்தாள். கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, கை தட்டியது. விக்கை யாரும் தொடவில்லை.

படப்பிடிப்பு முடிந்து இருவரும் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள்.

"அது உன் சமையலறைதானே?" என்றாள் ஒடெஸா.

"ஆமா."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணாம்னிருப்ப."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்." ஒடெஸா கார் மேல் சாய்ந்துகொண்டாள். "அன்னைக்கு உன்னைப் பார்த்ததும் என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியல லனெட். அதான் மீனைத் தின்னேன்" என்றாள்.

இத்தனை நாளாக, அன்று ஒடெஸா எதையும் கேட்காததை அவளுடைய தைரியம் என்றே லனெட் நினைத்திருந்தாள். அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"சரி சரி, விடு. பசிக்குது."

தேவாலயப் பெண்கள் எட்டுப் பேரும் ஏற்கெனவே தாங்கள் வந்த வேனுக்குள் உட்கார்ந்து, எந்தக் கடைக்குப் போவது என்று வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

திங்கட்கிழமை கிரெய்க், உன் தோழி வாராவாரம் வந்து உட்காருவாளா என்று லனெட்டைக் கேட்டார். ஒடெஸா இரண்டு வாரம் வந்தாள். ஒரே காட்சியை ஐந்து தடவை எடுக்கிறார்கள், முதல் தடவையிலேயே உருப்படியாகச் செய்தால் என்ன என்று சலித்துக்கொண்டு, மூன்றாவது வாரம் வேலைக்குப் போய்விட்டாள்.