நெட்டையனை நான் பாராட்டிய ஞாயிறு

நெட்டையன் செத்துப்போனான் என்று என் மச்சான் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. நாற்பது வருஷமாகப் பூட்டுக் கடை வைத்திருக்கிறேன். சாவி தொலைந்துவிட்டது, வந்து கதவைத் திறந்து கொடுங்கள் என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது சொந்த வீடே இல்லை. அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவன் எதை நம்புவான்? அதிலும் மச்சான் கொண்டுவரும் செய்தி. போன வருஷம் மைதானத்தையே இடிக்கப் போகிறார்கள் என்று சொல்லி நாலு நாள் எங்களைச் சோறு தின்னவிடாமல் பண்ணினவன். கடைசியில் இடித்தது கழிப்பறையை.

"மாமா, சத்தியமா சொல்றேன். காலைல பிராக்டிஸ் முடிச்சிட்டு ஷூ கயித்த அவுக்கக் குனிஞ்சிருக்கான். அப்புறம் நிமிரவே இல்ல."

"யார் சொன்னா?"

"சலூன்காரர்."

"அவருக்கு யார் சொன்னா?"

"பாதி ஷேவிங்ல ஒருத்தருக்கு போன் வந்துச்சாம். அவர் அப்படியே எந்திரிச்சு ஓடிட்டாராம், மூஞ்சில நுரையோட."

கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்குப் போனேன். கொடி பாதிக் கம்பத்தில் நின்றது. கயிறு சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாசல் காவல்காரன் பெற்ற அப்பனிடமே டிக்கெட் கேட்கிற ஆள். அன்றைக்கு எங்களை ஒன்றும் கேட்கவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் நம்பினேன்.

நெட்டையன் எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பதினாலு வருஷம் நின்றான். கோல்கீப்பர்களிலேயே குள்ளமானவன். அதனால்தான் நெட்டையன் என்று பேர் வைத்தோம். அவன் நின்ற வலைக்குப் பின்னால் இருக்கும் கிழக்கு ஸ்டாண்டு எங்களுடையது. நான், மச்சான், சலூன்காரர், இன்னும் ஒரு முந்நூறு பேர். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். நெட்டையனை யாரும் பாராட்டக் கூடாது. திட்டத்தான் வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. அவன் வந்த புதிதில் மூன்று மேட்ச் நாங்களும் மனுஷர்கள் மாதிரி கைதட்டினோம். ஐந்து கோல், ஆறு கோல், நாலு கோல் என்று விட்டான். நாலாவது மேட்சில் பொறுக்க முடியாமல் சலூன்காரர் எழுந்து, "டேய், முக்காலி ஒண்ணு கொண்டாந்து போடட்டுமா?" என்று கத்தினார். அன்று ஒரு கோல்கூட உள்ளே போகவில்லை. அதோடு முடிந்தது. அதன் பிறகு எவனாவது தப்பித்தவறிக் கைதட்டினால் மேற்கு ஸ்டாண்டுக்குத் துரத்திவிடுவோம்.

திட்டுவதில் என் வாய்க்குத் தனி மரியாதை. "பந்தைப் பார்த்து ஏன்டா ஒளியிற? அது உன் மாமியார் இல்லடா!" என்பேன். அவனும் சும்மா இருக்கமாட்டான். பந்து அந்தப் பக்கம் போனதும் திரும்பி நின்று, "பெரிசு, உன் கடைப் பூட்டை என் வீட்டுப் பூனை தொறந்துட்டுப் போகுது!" என்பான். முந்நூறு பேரும் சிரிப்பார்கள். அவனோடு நான் பேசின பேச்செல்லாம் இவ்வளவுதான். பதினாலு வருஷம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவன் சாவதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, கடைசி நிமிஷத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி. நெட்டையன் இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். தட்டின பந்து அடித்தவன் காலிலேயே போய் விழுந்தது. அவன் வலது மூலையைப் பார்த்து மறுபடி அடித்தான். தரையில் கிடந்த நெட்டையன் எப்படி எழுந்தான், எப்படி அந்த மூலைக்குப் போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பந்து அவன் நெஞ்சோடு இருந்தது. ஸ்டாண்டே கூரையைப் பிய்த்துக்கொண்டு அவனைத் திட்டியது. எனக்கு என்ன ஆனதோ, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிவிட்டேன்:

"நல்லா பிடிச்சடா, ராசா."

அந்த இரைச்சலில் பக்கத்தில் இருந்த மச்சானுக்கே கேட்கவில்லை. நெட்டையனுக்குக் கேட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தான். பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பதினாலு வருஷத்தில் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை ஆள் இல்லை.

எனக்கு இந்தச் சகுனம், ராசி எதிலும் நம்பிக்கை கிடையாது. ஜோசியக்காரனுக்கே பூட்டு விற்றிருக்கிறேன், அதுவும் அவன் வீட்டில் திருட்டுப் போன பிறகு. ஆனாலும் என் கரிநாக்குதான் அவனைக் கொண்டுபோய்விட்டது என்ற நினைப்பு தொண்டையில் முள்ளாக நின்றது. புதன்கிழமை எல்லாம் முடிந்தது. நான் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, அவன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சலூனில் கூடினோம். அடுத்த ஞாயிறு மேட்சுக்கு முன்னால் ஒரு நிமிஷம் மௌனம், பிறகு கிழக்கு ஸ்டாண்டிலிருந்து யாராவது மைக்கில் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று கிளப் செயலாளர் சொல்லி அனுப்பியிருந்தார். நாலு நல்ல வார்த்தைக்கு நாங்கள் எங்கே போவோம்?

"நெட்டையன் வந்து... ஒரு சிறந்த..." என்று சலூன்காரர் தொடங்கினார். பழக்கதோஷத்தில், யாராவது தன்னை அடிக்க வருகிறார்களா என்று கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டார். "என்னால முடியலப்பா. நாக்கு மடங்க மாட்டேங்குது."

"மாமாதான் பேசணும்" என்றான் மச்சான். "பதினாலு வருஷம் வாய் கிழியத் திட்டினவர்."

"எனக்குத் தொண்டை சரியில்ல" என்றேன்.

"பொண்டாட்டிகிட்ட நேத்துக் கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே. எங்கக்காதானே, எனக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். நெட்டையனின் அலமாரிச் சாவியைக் காணவில்லையாம். ஆம்புலன்ஸில் ஏற்றின அவசரத்தில் எங்கே விழுந்ததோ. அவன் மனைவி சாமான்களை எடுத்துப்போக வந்து காத்திருக்கிறாளாம். தப்பிக்க வழியில்லை. அது நான் விற்ற பூட்டு. மச்சானும் கூப்பிடாமலே கூட வந்தான்.

உடைமாற்றும் அறையில் ஈரத் துண்டு வாடை. சுவரோரமாக இரும்பு அலமாரிகள். ஒன்பதாம் நம்பர் அலமாரி முன்னால் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாட்டசாட்டமான பெண், நெட்டையனைவிட அரைத் தலை உயரம். கண் வீங்கியிருந்தது. நான் வணக்கம்கூடச் சொல்லாமல் முதுகைக் காட்டி மண்டிபோட்டு, வளைத்த கம்பியைப் பூட்டுக்குள் விட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது நிமிஷமே பூட்டு விட்டுக்கொடுத்துவிட்டது. என் விரலுக்குத்தான் தெரியும். நான் தெரியாத மாதிரி குடைந்துகொண்டே இருந்தேன். திறந்தால் திரும்ப வேண்டும். திரும்பினால் அவள் முகம் இருக்கும்.

"மாமா, அரை மணி நேரம் ஆச்சு" என்றான் மச்சான். "அந்தப் பூனையைக் கூட்டிட்டு வரட்டுமா?"

பெஞ்சிலிருந்து குபுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. "அந்தப் பூனையா? எங்க வீட்ல பூனையே கிடையாது. பெரியவரைச் சீண்டறதுக்குன்னே அவர் வளர்த்த பூனை அது" என்றாள்.

அந்தச் சிரிப்பில் என் முள் கழன்றுவிட்டது. சுவரைப் பார்த்தபடியே சொன்னேன். "அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். போன ஞாயித்துக்கிழமை அவனைப் பாராட்டிட்டேன்."

மச்சான் வாயில் கை வைத்துக்கொண்டான். "மாமா! நீயா?"

"நல்லா பிடிச்சடா ராசான்னு சொன்னேன். ரெண்டு நாள்ல போயிட்டான். வேற யாரும் பாராட்டல. நான்தான்."

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. பிறகு அவள், "பெரியவரே, இப்படித் திரும்புங்க" என்றாள். திரும்பினேன். "அவங்கப்பாவும் இதே வயசுல இதே மாதிரிதான் போனாரு. குடும்பத்து நெஞ்சு அப்படி. டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. அவங்கப்பா கணக்கு வாத்தியார். அவரை ஒருத்தரும் பாராட்டினதா நான் கேள்விப்பட்டதே இல்ல."

நான் ஒரு கையால் பூட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிடவே இல்ல, தெரியுமா? பூட்டுக்கடைப் பெரியவருக்கு ஏதோ பெரிய வியாதி, இல்லேன்னா அந்த ஆள் வாயில இப்படி ஒரு வார்த்தை வராதுன்னு ஒரே புலம்பல். செவ்வாய்க்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சதும் போய்ப் பார்த்துட்டு வர்றேன், சும்மாவா போறது, பழம் வாங்கிட்டுப் போறேன்னுதான் கிளம்பினாரு."

என் கை தானாகப் பூட்டை இழுத்தது. திறந்துகொண்டது.

"இவ்வளவு நேரம் நடிச்சியா மாமா?" என்றான் மச்சான்.

உள்ளே ஒரு ஜோடி கையுறை, சோப்புப் பெட்டி, கிழிந்த துண்டு. அதன் மேல் ஒரு பை நிறைய ஆரஞ்சு. மேலே இருந்த இரண்டு லேசாகச் சுருங்கியிருந்தன.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பையை என்னிடம் நீட்டினாள். "நோயாளி நீங்கதானே, பிடிங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. அவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நிஜமாத்தான் சொன்னீங்களா, இல்ல கிண்டலா?"

"அந்தப் பந்தை எவனாலும் பிடிச்சிருக்க முடியாதும்மா" என்றேன். "அவன் ஒருத்தனைத் தவிர."

ஞாயிற்றுக்கிழமை மேற்கு ஸ்டாண்டுக்காரர்கள் அவளுக்கு மெத்தை நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் எங்களோடு வந்து சிமென்ட் படியில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் மௌனம் முடிந்ததும் மைக்கை என் கையில் திணித்தார்கள்.

"டேய் நெட்டையா" என்றேன். குரல் மைதானம் முழுக்கப் போனது. "இனிமே எவன் பாராட்டினாலும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாது. அதனால கேட்டுக்க."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை ஸ்டாண்டு பார்த்துக்கொண்டது. பதினாலு வருஷமாகப் பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்த கைதட்டல். சலூன்காரர் நாக்கு நன்றாகவே மடங்கியது. "கெட்டிக்காரன்டா! சிங்கம்டா!" என்று நிறுத்தாமல் கத்தினார். நடுவர் இரண்டு தடவை விசில் ஊதியும் ஓயவில்லை. ஆரஞ்சுச் சுளைகள் படி படியாகக் கைமாறிப் போயின. கொஞ்சம் புளிப்புதான். பழக்கடைக்காரன் அவனை ஏமாற்றியிருக்கிறான்.

மேட்ச் தொடங்கியது. நெட்டையன் இடத்தில் புதுக் கோல்கீப்பர். பனைமரம் மாதிரி உயரம். வந்த முதல் பந்தை அழகாகப் பிடித்தான். அவள் சந்தோஷத்தில் கைகளைத் தூக்கினாள். நான் பதறிப் போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்தது இருக்கட்டும். டாக்டர்களையும் எனக்குத் தெரியும்.

"வேணாம்மா. வயசுப் பையன், பாவம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முந்நூறு பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"டேய் ஒட்டடைக் குச்சி! பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு என்னடா தாலாட்டா பாடற? தூக்கிப் போடுடா!"

பையன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். கிழக்கு ஸ்டாண்டு குலுங்கிச் சிரித்தது. நான் நகர்ந்து, கம்பிக்குப் பக்கத்தில் இருந்த என் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன்.