ஜிஸ்மிக்கு வெயில் காட்டியது

ஐந்தாம் மாதம் முடிகிற வேளையில் ஜிஸ்மியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, வைட்டமின் டி மிகவும் குறைவாக இருக்கிறது என்றார். வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது குறைந்த கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, அதற்காக வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, மூன்று வாரம் கழித்து வெறும் வயிற்றோடு வாருங்கள், குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். முடிந்தால் கொஞ்சம் வெயிலிலும் உட்காரட்டும் என்று கடைசியில் ஒரு பேச்சுக்குச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற ஜிஸ்மியின் கணவன் ரிஜின் காதில் இதில் இரண்டு சொற்கள்தாம் விழுந்தன. ஒன்று சர்க்கரை. இன்னொன்று வெயில்.

ரிஜின் மலைமேல் இருக்கும் சக்குபள்ளத்தில் ஜீப்பு ஓட்டுகிறவன். எதையும் அளவாகச் செய்யத் தெரியாதவன். பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள், ஜிஸ்மிக்கு மல்லிகை பிடிக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்து அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனவன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலத்துக்குள் சீனி டப்பா, கேக்கு, பேரீச்சம்பழம் எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டன. சர்க்கரைக்கு வழி பண்ணியாயிற்று. வெயிலுக்குத்தான் வழியில்லை.

அது ஆடி மாதம். மலையில் மழை விட்டால் மூடுபனி, மூடுபனி விட்டால் மழை. போதாததற்கு, ஏலச்செடிக்கு வெயில் ஆகாது என்று ஊர் முழுக்க மரம் வளர்த்து வைத்திருந்தார்கள். ரிஜின் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் அலைந்தான். ஒரு தடவை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு துண்டு விரித்த அளவுக்கு வெயில் விழுந்தது. ஓடிப்போய் ஜிஸ்மியைக் கூட்டி வருவதற்குள் அதில் ஒரு நாய் படுத்துவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு மலையேறி வரும் பெண்களிடம் விசாரித்தான். மலைக்குக் கீழே கம்பம் ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றார்கள். மறுநாள் காலைச் சவாரியை முடித்ததும் நாற்காலியை ஜீப்பின் மேல் கட்டினான். முன்சீட்டில் இரண்டு தலையணை போட்டு ஜிஸ்மியை உட்காரவைத்து, மலைப்பாதையில் சப்பரம் இறக்குவதுபோல் இறக்கினான். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்து ஓய்ந்தன.

கீழே ரோட்டோரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு முன்னால் மரமில்லாத இடம் கிடைத்தது. அங்கே நாற்காலியைப் போட்டான். முகத்தில் எத்தனை நிமிடம், கையில் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளும்படி ஆஸ்பத்திரி ஃபைலையும் பேனாவையும் ஜிஸ்மியிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான். அவளுக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஆனால் காயாத துணியோடு ஒரு மாதம் கிடந்த உடம்புக்கு அந்தச் சூடு இதமாக இருந்ததால் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டக்காரர் பொன்ராஜ் இதைப் பந்தலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டை அகலப்படுத்தப்போகிறார்கள் என்று அந்தப் பக்கம் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். ஒரு ஜீப்பு, ரோட்டையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து ஃபைலில் எழுதும் ஒரு பெண், மரியாதையாகத் தள்ளி நிற்கும் ஒரு டிரைவர். அவருக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. மறுநாள் ஒரு கூடைத் திராட்சையோடு வந்து நின்றார்.

"மேடம், ரோடு எந்தப் பக்கம் வேணாலும் போகட்டும். எம் பந்தல் மட்டும் தப்பிச்சாப் போதும்."

ஜிஸ்மி வாயைத் திறப்பதற்குள் ரிஜின் குறுக்கே வந்தான். சும்மா வெயில் காய வந்தவர்கள் என்று தெரிந்தால் இடத்தைவிட்டு விரட்டிவிடுவாரோ என்று அவனுக்குப் பயம். "மேடம் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க அண்ணே" என்று சொல்லிவைத்தான்.

அதற்கடுத்த நாள் ஏழு பேர் மனுவோடு வந்தார்கள். ஒருவருக்குத் தென்னை, ஒருவருக்குக் கிணறு, ஒருவருக்கு மாட்டுக்கொட்டகை. ஆளுக்கொரு பழக்கூடை. டாக்டர் பழத்தைத் தடுக்கவே இல்லை என்று ஜிஸ்மி எவ்வளவோ சொல்லியும் ரிஜின் கேட்கவில்லை. எல்லாம் சர்க்கரை என்று சொல்லி, வந்த கூடைகளை அவனே ஜீப்பில் உட்கார்ந்து தின்று தீர்த்தான். இப்படியே ஒரு வாரம் போனது.

எட்டாம் நாள் வந்து பார்த்தால் அந்த இடத்தில் நாலு மூங்கில் நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்திருந்தது. மேடம் தினமும் வெயிலில் வாடுகிறார்களே என்று ஊர்க்காரர்கள் சேர்ந்து நிழல் போட்டிருந்தார்கள். ரிஜினுக்கு அழுகை வந்துவிட்டது.

"மேடத்துக்கு நிழல் ஆகாதுண்ணே" என்றான்.

ஜிஸ்மிக்கு இதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அண்ணே, நான் ஆபீசர் இல்ல. ஆறு மாசமா இருக்கேன். ஒடம்புல வைட்டமின் இல்லன்னு டாக்டர் சொன்னாங்க. அதான் வெயிலுக்கு வந்தேன்."

பொன்ராஜ் கீற்றைப் பார்த்தார், ரிஜினைப் பார்த்தார்.

"மாசமா இருக்கன்னு முத நாளே தெரியும் தாயி. ஆபீசருக்கும் புள்ள உண்டாகத்தான செய்யும்னு நெனச்சோம்" என்றார். பிறகு அவரே ஏறி நடுவில் இரண்டு கீற்றைப் பிரித்துவிட்டார். நாற்காலியின் மேல் வெயில் விழுந்தது. ஏழு மனுவையும் ஜிஸ்மி திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் வாங்கவில்லை. ஃபைலில் பார்த்தோம், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாக எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவளாகவே ஒரு பாலத்தையும் சேர்த்துக் கேட்டிருந்தாள்.

பரிசோதனை நாளன்று அவளுக்குத் துணையாக ரிஜினும் பட்டினி கிடந்தான். ஜிஸ்மி குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அமைதியாகக் காத்திருந்தாள். ரிஜின் அதற்குள் மூன்று பாட்டில் தண்ணீர் குடித்து ஐந்து தடவை கழிவறைக்குப் போய்வந்தான். அதைக் கவனித்துக்கொண்டே இருந்த நர்ஸ் அன்னமேரி, அவனைக் கூப்பிட்டு விரலில் ஊசி குத்திப் பார்த்தார்.

ஜிஸ்மிக்குச் சர்க்கரை இல்லை. ரிஜினுக்கு முந்நூறைத் தொட்டிருந்தது.

ஒரு வாரத் திராட்சையால் வந்ததல்ல, வெகுநாளாகவே உள்ளே இருந்திருக்க வேண்டும், இப்போதாவது தெரிந்ததே என்றார் டாக்டரம்மா. சாப்பாட்டு முறை, மாத்திரை, தினம் முக்கால் மணி நேர நடை என்று எழுதிக் கொடுத்தார். ரிஜின் அந்தச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஜிஸ்மி அதை வாங்கித் தன் ஃபைலிலேயே வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் சிரித்தாள். நடுவில் ஒரு முறை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ இருந்தது. அந்த வாரம் ரிஜினின் சர்க்கரை நூற்றிருபதுக்கு இறங்கியிருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் அதைத்தான் முதலில் சொன்னான், அப்புறம்தான் குழந்தையின் எடையை. அதற்காக ஜிஸ்மி இன்னும் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.