அம்புரோஸின் கைப்பேசி நோன்பு

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று, பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயிலில் ஆளுக்கொன்றை நாற்பது நாளைக்கு விட்டார்கள். ஒருவர் இறைச்சியை, ஒருவர் இனிப்பை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற அம்புரோஸ் மட்டும் மைக்கைப் பிடித்து, "நான் ஹேண்ட்போனையே விடுறேன், ஃபாதர்" என்றார். சொன்ன கையோடு அதை ஃபாதரிடம் ஒப்படைத்தும் விட்டார்.

ஃபாதர் உருகிப்போனார். பெரிய வெள்ளி நாடகத்தில் ஆண்டவருக்காகச் சிலுவை சுமக்கும் சீமோன் வேடத்துக்குப் பத்தொன்பது வருஷமாக ஏங்கிக் கிடந்தவர் அம்புரோஸ். அன்றே அது அவருக்கு என்று முடிவானது. ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுரு வேடம் யாருக்கும் வேண்டாதது. அது வழக்கம்போல் இளைஞன் கேவின் தலையில் விழுந்தது.

ஆனால் ஊர் வம்பு கேட்காமல் இந்த மனுஷனுக்குச் சோறு இறங்குமா? நாலாம் நாளே ஒரு செகண்ட் ஹேண்ட் போனை வாங்கிக் கால்சட்டைப் பையில் பதுக்கிக்கொண்டார். சைலண்டில் போட்டு, குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு வாட்ஸ்அப் படித்தார்.

அடுத்த வாரம் அதில் ஒரே பேச்சுதான். கிள்ளான் பக்கம் வெள்ளம் வந்தால் எச்சரிக்க, அரசாங்கம் சனிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாப் போனிலும் சைரன் அடித்துப் பார்க்கப் போகிறதாம். சைலண்டில் இருந்தாலும் அலறுமாம், கூடவே வரும் மெசேஜில் ஓகே அமுக்கினால்தான் அடங்குமாம். அம்புரோஸ் சிரித்தார். அரசாங்கம் சொல்வதை நம்பமாட்டார், வாட்ஸ்அப் சொல்வதை நம்பாமல் இருக்கமாட்டார். அப்படி ஒரு பிறவி.

மாடிப்படியில் பக்கத்து வீட்டு லெட்சுமியை மறித்தார். "அந்த மெசேஜ்ல ஓகே அமுக்கிடாதீங்கம்மா. போலீஸ் சம்மனுக்கு அபராதம் கட்டாதவங்களப் பிடிக்கிற ட்ரிக் லா. பூச்சோங்ல ஒருத்தருக்கு அமுக்குன உடனே போன் வெடிச்சிருச்சாம்."

"டெஸ்டே இன்னும் நடக்கலயே, அங்கிள். அதுசரி, போன விட்டுட்டீங்கன்னு ஆன்டி சொன்னாங்க. இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"என்கிட்ட ஏது போன்? பஸ்ல பேசிக்கிட்டாங்க."

லெட்சுமி நேரே அவர் மனைவி செசிலியாவிடம் போனாள். அன்று சாயங்காலம் செசிலியா கணவர் முன்னால் வந்து நின்றாள்.

"போன் ஏதும் வச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப பாத்ரூம்ல என்ன சிரிப்பு?"

"ஜெபம் பண்ணேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவரிடம் என்ன கேட்பது?

சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் ஒத்திகை. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஃபாதர் எல்லோரையும் பார்த்தார். "போன ஆன்லயே வைங்க, டெஸ்ட் வருது. அம்புரோஸ், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல, இல்லையா?"

"போன் எப்படி இருக்கும்னே மறந்துட்டேன், ஃபாதர்" என்று சொல்லிவிட்டு, அம்புரோஸ் பெருமையோடு சிலுவையைத் தோளில் ஏற்றினார். தேக்குக் கட்டை, நல்ல கனம். இரண்டு கையும் வேண்டியிருந்தது.

பதினொன்று அடித்தது. மண்டபத்திலிருந்த முப்பது போனும் ஒரே நேரத்தில் வீறிட்டன. முப்பத்தொன்றாவது அவர் கால்சட்டைக்குள் வீறிட்டது. இத்தனை இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஓகே அமுக்க அமுக்க, ஒவ்வொரு போனாக அடங்கியது. கடைசியில் ஒன்று மட்டும் அடங்கவில்லை. அம்புரோஸ் கையை எடுத்தால் சிலுவை பக்கத்தில் நிற்கும் கேவின் தலையில் விழும். எடுக்காவிட்டால் மானம் போகும். மண்டபமே அவர் இடுப்பைப் பார்த்தது.

ஒத்திகை பார்க்க உட்கார்ந்திருந்த செசிலியா மெதுவாக வந்து அவர் பைக்குள் கைவிட்டாள். போனை எடுத்து எல்லோர் முன்னாலும் ஓகே அமுக்கினாள்.

"வெடிக்கல" என்றாள்.

பிறகு அதை ஃபாதரிடம் நீட்டினாள். "லெட்சுமிகிட்ட இல்லன்னாரு. என்கிட்ட இல்லன்னாரு. இப்ப உங்ககிட்டயும் சொன்னாரு, ஃபாதர்."

அம்புரோஸுக்கு அழுகையே வந்துவிட்டது. பத்தொன்பது வருஷ ஆசை ஆயிற்றே! ஃபாதர் திட்டவில்லை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேவினைக் கூப்பிட்டார்.

"கேவின், சிலுவைய நீ வாங்கிக்கோ."

பிறகு அம்புரோஸின் தோளில் கைவைத்தார். "இந்த வருஷம் பேதுரு நீங்கதான், அம்புரோஸ். உங்களுக்கு ஒத்திகை வேணாம்."