ஆலம்பால் ஒட்டு

என் மனைவி ஹேமாவதி தன் ஆடுகளை நம்பி என்னிடம் விட்டதே இல்லை. "நெசவுக்காரன் கைக்கு நூலு போதும்" என்பாள். நான் பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். கே.ஜி.கண்டிகைக்கு மாப்பிள்ளையாக வந்து மூன்று வருடம் ஆகியும் ஒரு ஆட்டின் காதைக்கூடத் தொட்டதில்லை.

அன்று சினையாடு ஒன்று மலையிலிருந்து இறங்கவில்லை. இருவரும் தேடிப் போனோம். பாறை நிழலில் குட்டி போட்டுவிட்டு, எழ முடியாமல் நாக்கு வறண்டு கிடந்தது. நாங்கள் கொண்டுபோன தண்ணீர் கேனோ வழியில் கைதவறி விழுந்து, அடியில் விரிசல் விட்டுக் காலியாகியிருந்தது. சுனை இன்னும் அரை மைல் ஏற்றத்தில்.

"தண்ணி குடிக்காம இது எந்திரிக்காது. இங்கியே கெடந்தா நரி வுட்டு வெக்காது" என்றாள். அவள் கண் கலங்கியதும் எனக்கு வீரம் வந்துவிட்டது.

வேலமரத்தில் வடிந்திருந்த பிசினைப் பெயர்த்து, மென்று குழைத்து, விரிசலில் அப்பினேன். தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறவனுக்கு ஒட்டத் தெரியாதா? இருவரும் சுனைக்கு ஏறிப்போய் நிரப்பினோம். திரும்பிப் பத்தடி நடப்பதற்குள் எல்லாம் கரைந்து ஒழுகி, உள்ளங்கை பிசுபிசுத்தது.

"ஏன்யா, லுங்கில போட்ற கஞ்சி மொத துவைப்புல இன்னா ஆவும்?"

"போயிடும்."

"அப்ப இது மட்டும் நிக்குமா?"

பத்து வயதிலிருந்து தெரிந்த விஷயம். வெட்கமாகப் போய்விட்டது.

அவள் சுனையோர ஆலமரத்தை அரிவாளால் கீறினாள். வெள்ளைப் பால் சொட்டியது. கேனைத் துடைத்துக் காயவைத்து, என் புது லுங்கியின் ஓரத்தைக் கேட்காமலே கிழித்து, பாலில் தோய்த்து ஒட்டினாள். மேலே இன்னும் இரண்டு பூச்சு. அரை மணி வெயிலில் ரப்பர் மாதிரி பிடித்துக்கொண்டது. நிரப்பிப் பார்த்தோம். ஒன்றிரண்டு சொட்டுதான் கசிந்தது.

இறங்கிவந்து கேனைச் சாய்த்துப் பிடித்ததும் ஆடு மூச்சு விடாமல் குடித்தது. பிறகு என் கையை முகர்ந்து, காய்ந்திருந்த வேலம்பிசினை விரல் விரலாக நக்கியது. கூச்சம் தாங்காமல் கையை இழுத்தேன். அது இன்னும் வேண்டுமென்று காலை ஊன்றி, தள்ளாடி, எழுந்தே விட்டது.

ஹேமாவதி வாய்விட்டுச் சிரித்தாள். குட்டியைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"கழுத்தப் பாத்துப் புடி. முன்னாடி நடந்துகினே இரு, தாயி பின்னாலயே வரும்."

மலை இறங்கும்வரை, சரியாகப் பிடித்திருக்கிறேனா என்று அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.