குரலைக் கழற்றி வைக்கவும்

பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கான இணையதளத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். சண்முகக்கனிக்கு அது தெரியும். உடன்குடிக்காரி, அந்த விவரம்கூட இல்லாதவளா? நாலு வயது மகள் தன்யஸ்ரீயை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செல்போன் திரைக்குள் வலதுகாலை எடுத்து வைத்தாள்.

மகள் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டும். ஒரே ஒரு சொல். அதற்காக எங்கே வேண்டுமானாலும் போவாள்.

வாசலில் காவலாளி மறித்தார்.

"கொரலக் கழட்டி வச்சிட்டுப் போங்கம்மா."

"செருப்பத்தான கழட்டணும்?"

"கொரலையும்."

"நான் பேசலைன்னா பிள்ளைக்கு என்ன வேணும்னு யாரு சொல்லுவா?"

"அதத்தான் நாங்களும் கேக்கோம்."

அடேயப்பா! சண்முகக்கனியை வாயடைக்க வைத்த ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான். மகள் தண்ணீர்க் குடத்தைப் பார்ப்பதற்குள் "தண்ணியா?" என்பாள். முந்தானையை இழுத்தால் "பசிக்கா?" என்பாள். பிள்ளை தலையை ஆட்டினால் போதும். பெற்ற பாசம், யார் குறை சொல்ல முடியும்? குரலைக் கழற்றிச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அங்கேயும் சும்மா இருக்காமல் காவலாளியிடம் ஊர் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

உள்ளே நடை நீண்டது. விரலால் தள்ளத் தள்ள இன்னும் நீண்டது. 'வீட்டுப் பயிற்சிகள்' என்ற கதவைத் திறந்தால் 'மேலும் படிக்க' என்று இன்னொரு கதவு. எதிர்வீட்டுப் பிரேமா ஒரு மூலையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நெட் ஸ்லோ என்றால் அப்படித்தான், பாவம்.

கடைசிக் கதவுக்குள் பேச்சுப் பயிற்சி டீச்சர் தர்பூசணியை வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேணும்?" என்று பிள்ளையிடம் கேட்டார்.

தன்யஸ்ரீ தாயின் முந்தானையை இழுத்தாள். சண்முகக்கனி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. டீச்சர் காத்திருந்தார். சுவர்கள் காத்திருந்தன. மின்விசிறி பாதிச் சுற்றில் நின்று காத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழைக்காலம் வந்து முடிந்தும் போனது.

பிள்ளை தாயை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். இவளை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துகொண்டாள். டீச்சர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"தா."

நடையில் இருந்த அத்தனை கதவுகளும் படாரென்று திறந்தன. பிரேமா சுற்றுவதை நிறுத்திச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். டீச்சர் எழுந்து நின்று, கலெக்டருக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் ஒரு துண்டை நீட்டினார். சண்முகக்கனி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். சத்தமே வரவில்லை. அதனால் என்ன, மறுபடியும் போட்டாள்.

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு?"

சண்முகக்கனி வாயை அசைத்தாள். டீச்சர் காத்திருந்தார்.

தன்யஸ்ரீ வாயிலிருந்த பழத்தை அவசரமாக விழுங்கினாள்.

"அம்மாக்குத் தா" என்றாள்.

டீச்சர் கொடுத்தார். சண்முகக்கனி அழுதுகொண்டே விதையோடு தின்றாள்.