மாடி வீட்டு முளைப்பயறு

ஓரகத்தி மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து மூத்தவளுக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. பேப்பர் படிக்கப் போகிறேன் என்று புருஷன் தினமும் காலையில் மாடியேறுவான். அங்கே முளைப்பயறும் பச்சைக்கீரையும் தின்றுவிட்டு வந்து, "உடம்பே லேசா இருக்கு" என்று பூரித்துப்போவான். பதினெட்டு வருஷமாக இவள் சுடச்சுடச் சமைத்துப் போட்டதற்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா?

"பயறு முளைக்க வைக்கிறதென்ன, பெரிய வித்தையா?" என்று வீம்பாக ஊறவைத்துத் துணியில் கட்டினாள். மூன்றாம் நாள் பிரித்தால் ஒரே நாற்றம், முளை ஒன்றுகூட இல்லை. பழக்கதோஷத்தில் அன்று கை போயிருந்தது உடைத்த பருப்பு டப்பாவுக்கு! உடைத்தது எங்கே முளைக்கும்? தலையிலடித்துக்கொண்டு முழுப்பயறு வாங்கி மறுபடி கட்டினாள். இந்தத் தடவை வெள்ளைவெளேரென்று முளைவிட்டது. கீரையைப் பொடியாக நறுக்கிக் கலந்து, எலுமிச்சை பிழிந்து, அவன் மாடிப்படியில் கால் வைக்கும் முன்னே தட்டை நீட்டினாள்.

ஒரு இலைகூட மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றான். இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"பிரமாதம்!" என்று வாயைத் துடைத்துக்கொண்டான். "தம்பி பொண்டாட்டி இன்னைக்குக் கீழயே கொடுத்தனுப்பிட்டாளா?"